மூணு கவர், மூணு பழைய வேட்டி: துணி டயப்பரைக் குறைந்த செலவில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

துணி டயப்பரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "எங்க காலத்துல எல்லாம் பழைய வேட்டிதான், எந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்பது. இன்னொன்று, "இருபது பீஸ் செட்டா வாங்கிடுங்க, மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்பது. முதல் பதிலில் அந்த வேட்டித் துணியை யார் துவைத்தார்கள் என்ற கணக்கு இல்லை. இரண்டாவதில், வாங்கிய பிறகு நம்ம வீட்டுக்கு ஒத்துவரலைன்னா என்ன செய்வது என்ற கணக்கு இல்லை. பட்ஜெட் இறுக்கமாக இருக்கிற வீட்டுக்கு இந்த இரண்டு கணக்கும்தான் முக்கியம்.

அதனால் மாறலாமா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்யத் தேவையில்லை. மிகக் குறைந்த செலவில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம். அதற்கு டயப்பர் எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் தெரிந்தால் போதும்.

டயப்பர் செய்யும் மூன்று வேலை

எந்த டயப்பராக இருந்தாலும் அதற்கு மூன்று வேலைதான். ஈரத்தை உறிஞ்சணும், உறிஞ்சியது வெளியே வராமல் தடுக்கணும், குழந்தை காலை உதைத்தாலும் இடம் மாறாமல் நிற்கணும்.

கடையில் விற்கும் யூஸ் அண்ட் த்ரோ டயப்பரில் இந்த மூன்றும் ஒரே பொருளாக ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே மரக்கூழும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியும், வெளியே பிளாஸ்டிக் படலம், பக்கவாட்டில் ஒட்டும் பட்டை. ஒரு வேலை முடிந்தாலும் மூன்றையும் சேர்த்துத் தூக்கிப் போடணும்.

நம்ம ஊர்க் கட்டு நாப்பி (முக்கோணமாகத் தைத்து ஓரத்தில் நாடா வைத்தது) முதல் வேலையையும் மூன்றாவது வேலையையும் செய்யும். இரண்டாவதைச் செய்யாது. அதனால்தான் கூடவே ரப்பர் ஷீட் தேவைப்பட்டது. பாட்டி மடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு குழந்தையை வாங்கியதும் அதனால்தான்.

இந்த இரண்டாவது வேலையைத் தனியாகப் பிரித்து யோசித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மரியன் டோனோவன். குளியலறைத் திரையை வெட்டி, துணி நாப்பிக்கு மேல் போடுகிற, ஊக்குக்குப் பதில் அழுத்துப் பொத்தான் வைத்த உறை ஒன்றைத் தைத்தார். 1949-ல் அது நியூயார்க்கின் பெரிய கடையில் விற்பனைக்கு வந்தது. 1951-ல் காப்புரிமை கிடைத்தது. பேம்பர்ஸ் சந்தைக்கு வந்தது அதற்கும் பத்து வருடம் கழித்து, 1961-ல். அதாவது "உள்ளே துணி, வெளியே தண்ணீர் விடாத உறை" என்கிற ஏற்பாடு யூஸ் அண்ட் த்ரோ டயப்பர் பரவுவதற்கு முன்பே நன்றாக வேலை செய்தது.

இன்று கிடைக்கும் கவரும் அதே யோசனைதான். பொருள் மட்டும் மாறியிருக்கிறது. துணியின் ஒரு பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருப்பார்கள், பி.யு.எல். என்று அட்டையில் போட்டிருக்கும். பழைய பிளாஸ்டிக் ஜட்டி மாதிரி மொடமொடவென்று இருக்காது.

எதை வாங்கணும், எதை வாங்க வேண்டாம்

உறிஞ்சுகிற வேலையை வீட்டில் இருக்கும் பருத்தித் துணியே செய்துவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டியது கவர் மட்டும்தான். ஈரத்தைத் தடுப்பது, இடத்தில் நிறுத்துவது இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும். வெறும் சிறுநீர் என்றால் உள்துணியை மட்டும் மாற்றிவிட்டு, கவரைத் துடைத்து மறுபடி போடலாம். மலம் பட்டால்தான் கவரைத் துவைக்கணும். அதனால் பகல் நேரச் சோதனைக்கு மூன்று கவர் போதும்.

கடைகளில் அதிகம் தள்ளிவிடப்படும் 'பாக்கெட் டயப்பர்' வேறு மாதிரி. அதில் உள்துணி கவருக்குள் ஒரு பையில் சொருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் முழுசாகத் துவைக்கணும். அதனால் எண்ணிக்கை கூடும், விலையும் கூடும். வசதிதான், ஆனால் முதல் முறைக்கு அது தேவையில்லை.

பொத்தான் மாற்றிச் சிறிதாக்கும் 'ஒன் சைஸ்' கவர் சுமார் 5 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொடையில் இடைவெளி விடும். பிறந்த முதல் மாதங்களுக்குக் கட்டு நாப்பியே நல்லது. இந்தச் சோதனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வேட்டியில் எது தேறும்

பழைய வேட்டி எல்லாம் பருத்தி இல்லை. பாலியஸ்டர் கலந்தது நிறைய. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி நுனியில் கெட்டியான மணி மாதிரி நின்றால் கலப்பு. பலமுறை துவைத்த பருத்தி, புதுத் துணியைவிட நன்றாக உறிஞ்சும். புதுப் பருத்தியில் இயற்கையான மெழுகும் நெசவுக்குப் போட்ட கஞ்சியும் இருக்கும். நாலைந்து துவைப்புக்குப் பிறகுதான் அது முழுசாக உறிஞ்ச ஆரம்பிக்கும்.

நாலு முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலம் இருக்கும். கரையை விட்டுவிட்டு 60 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஒரு வேட்டிக்கு ஆறு. மூன்று வேட்டிக்குப் பதினெட்டு. ஒரு சதுரத்தை மூன்றாக மடித்து, நீளத்தைப் பாதியாக மடித்தால் 20-க்கு 30 சென்டிமீட்டரில் ஆறு அடுக்குப் பட்டை கிடைக்கும். கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு இரண்டு சதுரம் சேர்த்து வைக்கணும்.

ஓரத்தை மடித்துத் தைப்பது அவசியம். பிரிந்து தொங்கும் நூல் குழந்தையின் கால் விரலிலோ ஆணுறுப்பிலோ சுற்றி இறுக்கிவிடலாம். தைக்க நேரம் இல்லையென்றால் தைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: உள்துணியின் நுனி கவருக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த நுனி ஈரத்தை வெளியே இழுத்துவிடும். "துணி டயப்பர் கசியுது" என்ற புகாரில் பாதிக்கு இதைத்தான் முதலில் சோதிக்கணும்.

காசுக் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். ஒரு உதாரணத்துக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

யூஸ் அண்ட் த்ரோ ஒன்று 10 ரூபாய், நாளுக்கு ஆறு என்றால் நாளுக்கு 60, மாதத்துக்கு 1,800 ரூபாய். பகலில் துணி, ராத்திரி மட்டும் ஒரு யூஸ் அண்ட் த்ரோ என்றால் டயப்பர் செலவு மாதம் 300. துவைக்கச் சோப்புத் தூள், தண்ணீர், கரண்ட் என்று இன்னொரு 300. மிச்சம் மாதம் 1,200 ரூபாய்.

இப்போது முதலீடு. மூன்று கவர் 350 வீதம் 1,050. மூடி போட்ட வாளி 150. மொத்தம் 1,200. ஒரே மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். இதற்குப் பதிலாக 400 ரூபாய் வீதம் இருபது பாக்கெட் டயப்பர் வாங்கினால் 8,000. அதே மிச்சத்தில் அது திரும்ப ஆறரை மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒத்துவராமல் விட்டால் பெரும்பகுதி நஷ்டம். முதல் வழியில் விட்டால் போவது 1,200, அதிலும் வாளி வீட்டுக்கு ஆச்சு.

ராத்திரிக்கு ஏன் விதிவிலக்கு

பருத்தி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அழுத்தினால் விட்டுவிடும். சோடியம் பாலிஅக்ரிலேட் அப்படி இல்லை. அது தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுத்து ஜெல்லாக மாற்றிப் பூட்டி வைத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் ஒரே டயப்பரில் தூங்குகிற குழந்தைக்கு அந்த வேலையைத் துணியால் செய்ய வைக்கலாம். அதற்கு அடுக்கு கூட்டணும், நடுராத்திரி எழுந்து மாற்றணும். பிரசவம் முடிந்து தூக்கம் இல்லாமல் கிடக்கும் வீட்டில் ராத்திரி ஒரு டயப்பருக்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை. பயணத்துக்கும் அப்படியே.

புண் வருவது எதனால்

துணி போட்டால் சருமம் சிவக்காது என்று சொல்வது பாதி உண்மை. சிறுநீரில் இருக்கும் யூரியாவை மலத்தில் உள்ள பாக்டீரியாக்களின் நொதி உடைத்து அம்மோனியாவாக்கும். அதனால் அந்த இடத்தில் காரத்தன்மை ஏறும். காரம் ஏறினால் மலத்தில் உள்ள, கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் வேகம் எடுத்து ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய தோலை அரிக்கும். இதில் டயப்பர் துணியா பிளாஸ்டிக்கா என்பதைவிட எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது என்பதே பெரிய விஷயம். பருத்தியில் ஈரம் தோலில் படுவதால் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகணும். மலம் போனால் உடனே. இரண்டு மூன்று நாளில் ஆறாத சிவப்பும், சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளும் வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

துவைப்பது: இங்கேதான் பலர் விடுகிறார்கள்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். திட உணவு ஆரம்பித்த பிறகு அதைக் கழிப்பறையில் தட்டிவிட்டுத்தான் அலசணும். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அலசியதைப் பிழிந்து வாளியில் போட்டு வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாளாவது சோப்புத் தூள் போட்டுத் துவைத்து, நுரை போகும் வரை அலசணும். வாளியில் தண்ணீர் விட்டு ஊறவைக்காதீர்கள். நாற்றம் ஏறும் என்பது ஒரு காரணம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் வாளித் தண்ணீர் உயிருக்கே ஆபத்து என்பது அதைவிடப் பெரிய காரணம்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு ஒரு கூடுதல் தகவல். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் கட்டிச் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு நாளடைவில் துணியை விறைப்பாக்கி, உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். அங்கே சோப்புத் தூளோ திரவமோதான் சரி. துணியை மென்மையாக்கும் கண்டிஷனரும் இதே தொல்லையைத்தான் தரும்: நூலின் மேல் வழவழப்பான பூச்சு உட்கார்ந்து தண்ணீரை விலக்கும். கிருமிநாசினி ஊற்றும் பழக்கமும் வேண்டாம். மிச்சம் தங்கினால் குழந்தையின் தோலுக்கு எரிச்சல்.

காயப் போடுவதில்தான் வேட்டித் துணி ஜெயிக்கிறது. பல அடுக்காகத் தைத்து வரும் பட்டைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் தங்கி நாற்றம் அடிக்கும். வேட்டிச் சதுரத்தைப் பிரித்துப் போட்டால் ஒற்றை அடுக்கு. மின்விசிறிக்குக் கீழேயே சீக்கிரம் காய்ந்துவிடும். துணியை நல்ல வெயிலில் போடுங்கள், கறையும் வெளுக்கும். கவரை மட்டும் நிழலில் போடுங்கள். சுள்ளென்ற வெயில் எலாஸ்டிக்கையும் படலத்தையும் கெடுக்கும்.

சுற்றுச்சூழல் கணக்கும் கடைசியில் துவைப்பதில்தான் வந்து நிற்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்கு யூஸ் அண்ட் த்ரோ டயப்பரின் கரியமில வாயு அளவு சுமார் 550 கிலோ, துணி டயப்பருக்குச் சராசரியாக 570 கிலோ. பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் மெஷின் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, அதையே இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் அளவு சுமார் 40 சதவீதம் குறைந்தது. அந்த எண்கள் அந்நாட்டுக்கானவை. ஆனாலும் கொடியில் உலர்த்துவது நமக்குப் பழக்கம்தான். இருக்கிற வேட்டியைக் கிழித்தால் புதுத் துணி நெய்யும் செலவும் இல்லை.

யார் துவைப்பது?

மேலே போட்ட காசுக் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது: உழைப்பு. நாளுக்கு ஆறு ஏழு துணியை அலச, துவைக்க, காயப்போட, மடிக்க, தினமும் அரை மணி நேரம் என்று வைத்தால் மாதம் பதினைந்து மணி நேரம். அந்த 1,200 ரூபாய் அதிலிருந்துதான் வருகிறது. பல வீடுகளில் "துணிதான் நல்லது" என்று சொல்பவர் ஒருவர், துவைப்பவர் இன்னொருவர். பச்சை உடம்புக்காரியோ மூட்டுவலி உள்ள பாட்டியோ குனிந்து அலசிச் சேமிக்கும் காசு மலிவு இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளினால் அதற்குத் தனிச் சம்பளம் பேசணும். துவைக்கப்போவது யாரோ, தொடரலாமா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்யணும்.

ஏழு நாள் சோதனை

முதல் இரண்டு நாள், வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் இரண்டு மூன்று மாற்றம் மட்டும். எங்கே கசிகிறது, எத்தனை அடுக்கு தேவை என்று தெரிந்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து பகல் முழுக்க. ஒரு தாளில் மூன்று விஷயத்தை எழுதுங்கள்: அன்று எத்தனை துணி ஆச்சு, துவைக்க எவ்வளவு நேரம் ஆச்சு, யார் துவைத்தார்கள்.

ஏழாம் நாள் அந்தத் தாளைப் பாருங்கள். கசிவு பெரிதாக இல்லை, துணி நேரத்துக்குக் காய்கிறது, ஆனால் எண்ணிக்கை போதவில்லை என்றால் இன்னும் இரண்டு கவர் வாங்கலாம். துணி காயவே இல்லை என்றால் மழை முடியும் வரை தள்ளிப் போடலாம். மூன்றாவது வரியில் ஏழு நாளும் ஒரே பெயர் இருந்தால், அடுத்த கவர் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பெயருக்கு உரியவரிடம் பேசுங்கள். நாளுக்கு இரண்டு துணி மட்டும்தான் முடியும் என்று அவர் சொன்னால் அதுவும் நல்ல விடைதான். மாதம் அறுபது டயப்பர் குப்பைக்குப் போகாது, கையில் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் நிற்கும்.