மல்லிப் பந்தலுக்கு ஒரு படம் இல்லை

போன மாதம் கோயில் மண்டபத்தில் கிளைக் கூட்டம் முடிந்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டினார். "அண்ணே, குடும்பத்தோட புத்ராஜெயா போயிருந்தோம், பாருங்க" என்றார். ஏரி, பாலம், இளஞ்சிவப்புப் பள்ளிவாசல், பூங்கா. நல்ல படங்கள்தான். கைமாறிக் கைமாறிப் போன தொலைபேசி, மருமகனுடன் வந்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் போய் நின்றுவிட்டது.

"இந்தப் பக்கந்தான்யா எங்க லயம். வாசல்ல மைலோ டின்னுல ரோஜா வச்சிருந்தேன். அதுக்கு ஒரு படங்கூட கெடையாது."

இளைய தோழர்களுக்குச் சொல்கிறேன். புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பெராங் பெசார் என்ற தோட்டம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின், அந்தப் போரில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் திறந்தது. மலாயில் 'பெரும் போர்' என்று பொருள். பி.பி. என்று தொடங்கும் ரப்பர் இனங்களில் உளி வைத்திருப்பீர்களே, அந்த இரண்டு எழுத்தும் இந்தத் தோட்டத்தின் பெயர்தான். 1995-இல் நகர வேலை தொடங்கியது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து போயின. மரத்தின் பெயராவது ஏட்டில் இருக்கிறது. வாசல் ரோஜா எந்த ஏட்டில் இருக்கிறது?

நம் வீடுகளில் உள்ள பழைய படங்களைப் பாருங்கள். கல்யாணம், சடங்கு, திருவிழா, சாவு. அன்றைக்கு ஒரு சுருளில் 12 படமோ 36 படமோதான். கழுவக் காசு வேறு. கீரைப் பாத்திக்கு யார் செலவழிப்பார்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை என்மேல்தான். 2009-இல் எங்கள் லயத்தை இடித்தார்கள். மனு கொடுப்பதற்காக உடைந்த சுவர், கழன்ற தகரம் என்று 17 படம் எடுத்தேன். பின்னாலேயே அம்மாவின் வெண்டை, கத்திரி, மல்லிப் பந்தல் எல்லாம் நின்றன. "தம்பி, பந்தலையும் ஒண்ணு எடுய்யா" என்றார். நேரமில்லை என்றேன். மறுநாள் பந்தல் இல்லை. இப்போது அம்மாவும் இல்லை. தகரப் படங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

தொழிற்சங்கக்காரனுக்கு ஒழுகும் கூரைதான் கண்ணில் படும். அதுவும் வேண்டும்தான். ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை சிவந்து உதிரும்போது காடே தீப்பிடித்த மாதிரி இருக்குமே, அதை எத்தனை பேர் எடுத்திருக்கிறோம்? பால் குறைகிறதே என்ற கவலையில் அண்ணாந்து பார்ப்பதில்லை. விடிவதற்கு முன் நிரைகளில் அசையும் தலைவிளக்குகள், காண்டா வாளியை இறக்கிவைத்து வெற்றிலை போடும் ஆயா, இவையும் படம்தான். ஆளை எடுத்தால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்ததைப் பங்கிடுங்கள். சிதறிப்போன பல தோட்டத்தாருக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களே அதில் நிறைகின்றன. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். கோப்பாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். தோட்டம், டிவிஷன், ஆண்டு, ஆட்களின் பெயர் எல்லாம் எழுதுங்கள். பழைய பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். மேலே உள்ள பிளாஸ்டிக் தாள் தானாக வந்தால் மட்டும் விலக்கி, நிழலான பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் ஆல்பத்தோடு வைத்தே எடுங்கள்.

அந்த அம்மா இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். படிக்கட்டு ஓரத்தில், பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை வளர்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தம்பி போய்ப் படம் எடுத்து எனக்கும் அனுப்பியிருக்கிறார். அம்மா முழுசாக விழுந்திருக்கிறார், செடி பாதிதான். மறுபடி வரச் சொல்லியிருக்கிறாராம்.