மீன்தொட்டியும் போர் தண்ணீரும்

நீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதைச் சொல்லும் அளவு பி.எச். 1909-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சென் வகுத்தது. 7 நடுநிலை, ஒரு எண் கூடினாலோ குறைந்தாலோ அமிலத்தன்மை 10 மடங்கு மாறும்.

ஆம்பூர், வேலூர் பக்கத்தில் பி.எச். சோதனை புதிதல்ல. தோல் ஷாப்பில் சுண்ணாம்பு நீங்கியதா என்று பார்க்க, தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் பினால்ப்தலீன் சொட்டுவார்கள். சிவந்தால் உள்ளே சுண்ணாம்பு மிச்சம். மீன் கடையில் விற்கும் சோதனைக் குப்பியும் அதே வித்தைதான். புரோமோதைமால் நீலம் கலந்த நீர் 6-இல் மஞ்சள், 7-இல் பச்சை, 7.6-ஐத் தாண்டினால் நீலம். போரிலிருந்து இறைத்தவுடன் சோதிப்பது வீண். நிலத்தடியில் கரைந்த கரியமில வாயு பி.எச்.-ஐத் தாழ்த்திக் காட்டும். ஒரு நாள் காற்றுக்குமிழி விட்டபின் தெரிவதே உண்மை அளவு.

பாலாற்றுப் படுகையின் உப்புத் தண்ணீரில் பை-கார்பனேட் மிகுதி. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது அதன் விளைவு. எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றினால் பி.எச். சட்டென்று இறங்கும், அமிலத்தைப் பை-கார்பனேட் விழுங்கி, அதில் உண்டான கரியமில வாயு வெளியேறியதும் பழையபடி ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வாட்டுகிறது. 8-இல் நிலையாக நிற்கும் நீரில் கப்பியும் மோலியும் குட்டி போட்டுப் பெருகும். பி.எச்.-ஐக் குறைக்கத் தொட்டியில் போடும் காய்ந்த பாதாம் இலையில் இருப்பதும் கடுக்காயைப் போலத் துவர்ப்புச் சத்தான டானின். ஆனால் கடின நீரில் அது தேநீர் நிறம் தருவதோடு சரி. நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கு ஆர்.ஓ. நீரைக் கலந்து பை-கார்பனேட்டையே குறைக்க வேண்டும். வெறும் ஆர்.ஓ. நீரில் தாங்கும் சக்தி இல்லை, பி.எச். திடீரென்று சரியும்.

கழுவாத பழைய தொட்டியில் ஆபத்து வேறு. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பை-கார்பனேட்டைத் தின்றுகொண்டே போவதால் பி.எச். மெல்ல இறங்கும். தாழ்ந்த பி.எச்.-இல் அந்தப் பாக்டீரியாவும் சோர்ந்துவிட, அம்மோனியா சேரும். ஆனால் அம்மோனியமாக, அதிகக் கேடின்றிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பாதித் தொட்டியைக் காலிசெய்து போர் தண்ணீரை ஊற்றினால் பி.எச். எகிறும், 7 என்பது 8 ஆனாலே நச்சு அம்மோனியா சுமார் 10 மடங்காகும். தொட்டி கழுவிய இரவே மீன் செத்து மிதப்பது பல நேரம் இதனால்தான். வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மட்டும் மாற்றிவந்தால் உள்ளே உள்ள நீருக்கும் புது நீருக்கும் இவ்வளவு இடைவெளி விழாது.