ரங்கீன் குஞ்சுகள்: சேவலா, பெட்டையா?

சென்ற பொங்கல் விழாவில் பிரசாத வரிசையில் நின்றபோது, புதிதாக பிலாய்க்கு மாற்றலாகி வந்திருந்த ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "தெருவில் கலர் கோழிக்குஞ்சு விற்கிறார்களே, பிள்ளைகள் கேட்டு அழுகிறார்கள். வாங்கலாமா? வளர்ந்தால் முட்டை கிடைக்குமா?" வரிசை நகர்ந்துவிட்டதால், "முட்டை கிடைக்காதும்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஏன் கிடைக்காது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இடம் தந்த மலர்க் குழுவினருக்கு நன்றி.

எங்களுக்கு அந்தப் பாடம் கிடைத்தது 2020-இல். பொங்கல் கழிந்த மறுநாள், சைக்கிள் கேரியரில் கூடையைக் கட்டிக்கொண்டு "ரங்கீன் சூஜா, ரங்கீன் சூஜா" என்று ஒரு பையன் செக்டாருக்குள் வந்தான். பச்சை, ரோஸ், ஊதா, ஆரஞ்சு என்று கூடை முழுக்கக் கீச்கீச் சத்தம். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பத்துக் குஞ்சு வாங்கினோம். நான் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பஞ்சாரம் கவிழ்த்து வளர்ந்தவள். கோழி வளர்க்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ற மிதப்பு. பிள்ளைகளுக்கு இரண்டு வாக்குறுதி கொடுத்தேன்: ஆறு மாதத்தில் முட்டை வரும், இவற்றை யாரும் குழம்பு வைக்க மாட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் நான்கு குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

நான் மறந்துபோனது ஒன்றுதான். ஊரில் குஞ்சுக்குத் தாய்க்கோழியின் இறக்கை இருந்தது, இங்கே இல்லை. பொரித்த முதல் வாரம் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். ஜனவரி இரவில் பிலாய் வராந்தா எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் குளிர்; மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்; பெட்டி முழுக்கப் பரவி மேய்ந்தால் சரி. தெர்மாமீட்டரை விட இது நம்பகமான கணக்கு.

இன்னொரு விஷயம். பொரிக்கும் முன் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சாப்பாட்டில் இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் தண்ணீர்கூட இல்லாமல் பெட்டியில் அடைத்து இத்தனை தூரம் கொண்டுவந்து விற்க முடிகிறது. கூடையில் துள்ளுகிற குஞ்சு நம் வீட்டுக்கு வந்து சுருண்டு விழுவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்: கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது.

பிறகு இன்னொன்று போயிற்று. ஐந்து தங்கின. இறகு முளைக்க முளைக்கச் சாயம் போய் ஐந்தும் வெள்ளையாகிவிட்டன. எது பெட்டை, எது சேவல் என்று வீட்டில் தினமும் பந்தயம். ரோஸ் சாயத்தில் வந்ததற்கு மகள் பிங்கி என்று பெயர் வைத்திருந்தாள். அது பெட்டைதான் என்று அடித்துச் சொன்னாள். ஐந்தாவது வாரம் எல்லாவற்றுக்கும் கொண்டை சிவந்துவிட்டது. சந்தேகம் தட்டி அக்காவுக்குப் போன் போட்டேன். மாமா வாங்கிப் பேசினார். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளுக்கு இருபது வருடம் தீவன லாரி ஓட்டியவர் அவர்.

"வெள்ளைக் குஞ்சா? கலர் போட்டு வித்ததா? அப்புறம் என்னம்மா சந்தேகம், அஞ்சும் சேவல்தான். பெட்டையா இருந்தா பண்ணைக்குப் போயிருக்கும், உன் தெருவுக்கு வராது."

அவர் சொன்னதன் விளக்கம் இது. முட்டைக்கென்று வளர்க்கும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழியில், பொரிக்கும் குஞ்சில் பாதி சேவல். அவை முட்டையிடப் போவதில்லை. பிராய்லரைப் போலச் சீக்கிரம் சதையும் போடாது. பண்ணைக்காரருக்கு அவற்றால் தீவனச் செலவு மட்டுமே. ஆகவே பொரித்த அன்றே பிரித்து, பெரும்பாலானவற்றை அழித்துவிடுகிறார்கள். மிஞ்சியவை சொற்ப விலைக்கு வியாபாரிகளிடம் வந்து, சாயத்தில் முங்கி, நம் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. (சில சமயம் பிராய்லர் குஞ்சும் கலந்து வருவதுண்டு.) உலகம் முழுக்க முட்டைத் தொழிலில் இதுதான் வழக்கம். ஜெர்மனி 2022 முதல் இதைத் தடை செய்தது. அங்கே அடைக்காலத்திலேயே முட்டைக்குள் சேவலா பெட்டையா என்று பார்க்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நாம் ஆறு மாதம் காத்திருந்து ஊகிப்பதை, நம் கைக்கு வருமுன்னே யாரோ ஒரு நொடியில் தீர்மானித்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு நொடி எப்படி? ஒரு வழி ஜப்பானியர் 1930-களில் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. குஞ்சின் பின்துளையை மெல்லப் பிதுக்கி, உள்ளே தெரியும் கடுகளவுப் புடைப்பைப் பார்ப்பது. தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சுகூடப் பார்ப்பார்கள். வீட்டில் யாரும் முயல வேண்டாம், குடல் நசுங்கிவிடும். இன்னொரு வழி சிறகைப் பார்ப்பது. பொரித்த அன்று விரித்துப் பார்த்தால், பெட்டையின் சிறகில் ஒரு வரிசை நீளமாகவும் மேல்வரிசை குட்டையாகவும் இருக்கும். சேவலுக்கு இரண்டும் ஒரே அளவு. ஆனால் இது அதற்கென்றே இணைசேர்த்த இனங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நாட்டுக்கோழிக் குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்துச் சாதிப்பவரை நம்பாதீர்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தச் சிரமமே இல்லை. அடை வைக்கும்போதே கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பிரித்துவிடுவார். வேடிக்கை என்னவென்றால், கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இதற்கு நேர் எதிராக எழுதிவைத்திருக்கிறார்: கூர் முட்டைதான் பெட்டையாம். இருவருமே தவறு. கரு, கோழியின் சினைப்பையை விட்டு வெளியேறும்போதே ஆணா பெண்ணா என்பது முடிவாகிவிடுகிறது. ஓடு அதன்மேல் பல மணி நேரம் கழித்துத்தான் படிகிறது. உறைக்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பில்லை.

அதைவிட முக்கியம், கோழியினத்தில் இதை முடிவு செய்வது தாய். மனிதரில் தந்தை தருவதைப் பொறுத்து ஆணோ பெண்ணோ ஆகிறது; கோழியில் பெட்டை தருவதைப் பொறுத்து. பெண் குழந்தையாகப் பெற்றாள் என்று மருமகளைக் கரித்துக்கொட்டிய வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த நியாயம் கோழிக்குப் பொருந்தலாம்; மனிதருக்குப் பொருந்தாது.

வீட்டில் பொரித்த குஞ்சானால் ஊகிப்பதற்கு நான் பார்ப்பது இவற்றைத்தான். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் கொண்டை சீக்கிரம் சிவந்து பெரிதானால் சேவலாக இருக்கலாம். பெட்டைக்கு வெளிர்மஞ்சளாகவே நிற்கும். சேவலுக்குக் கால் தடித்திருக்கும், நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்தும். இவையெல்லாம் ஊகம்தான். நிச்சயமானது பத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் வரும்: கழுத்திலும், முதுகு வாலோடு சேருமிடத்திலும் புதிதாக முளைக்கும் இறகைப் பாருங்கள். நுனி கூராக, நீளமாக, பளபளப்பாக இருந்தால் சேவல். நுனி உருண்டிருந்தால் பெட்டை. கூவுவதைக்கூட நூற்றுக்கு நூறு நம்ப முடியாது; சினைப்பை கெட்டுப்போன கிழட்டுப் பெட்டை எப்போதாவது கூவுவதுண்டு.

எங்கள் ஐந்துக்கும் அந்தச் சந்தேகமே வரவில்லை. மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்ட வாரத்தில் ஒன்று கூவ ஆரம்பித்தது. பத்து நாளில் ஐந்தும். எதிர்வீட்டு பாபியின் கணவருக்கு நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டியவர். பாபி நல்ல மனுஷி, மதில்மேல் சாய்ந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். அதுதான் தாங்க முடியவில்லை. கொடுத்துவிடலாம் என்றால் வாங்க ஆளில்லை. கோழியால் கொரோனா பரவும் என்ற வதந்தியில் கறிக்கோழியையே அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது.

ஜூனில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, தன் கிராமத்துக்கு நான்கைக் கூடையில் வைத்துக்கொண்டு போனார். அங்கே அவை என்ன ஆயின என்று மகள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கோழிக்கறி தொடுவதில்லை. முட்டை மட்டும் சாப்பிடுகிறாள். அந்த முட்டைக்குப் பின்னால் இருக்கும் சேவல் குஞ்சுகளின் கதையை அவளிடம் விளக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பிங்கி மட்டும் எங்களோடு 2023 வரை இருந்தான்.

முட்டைதான் வேண்டும் என்றால் ரங்கீன் குஞ்சை விட்டுவிடுங்கள். ஹைதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்றவை புழக்கடைக்கென்றே ஏற்பட்டவை. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கெட் நோய்க்கு, கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட வேண்டும். ஒரு குப்பி நூறு குஞ்சுகளுக்கு வரும். நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்குவது நல்லது. இந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் பிரிக்காமல்தான் கிடைக்கும். பாதி சேவலாகும் என்று எண்ணியே வாங்குங்கள். அந்தச் சேவலை என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை.

இப்போது எங்களிடம் வனராஜா ஆறு இருக்கின்றன. ஒன்பது வாரம். கொண்டையை வைத்துச் சேவல் என்று நான் சொன்ன மூன்றின் காலில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நான்காவது ஒன்று நேற்றிலிருந்து நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது. மகள் நூலை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வாரம் பொறு என்று சொல்லியிருக்கிறேன்.