புனைநகைகளின் காலக்கணிப்பு: மூலப்பொருளும் உற்பத்தி முறையும் பற்றிய சில குறிப்புகள்

பொன்னாலும் மணியாலும் ஆக்கப்பட்ட நகைகள் அரச கருவூலங்களில் பேணப்பட்டுப் பின்னர் நூதனசாலைகளை அடைந்தன. அவற்றின் வரலாறும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. கண்ணாடி, பித்தளை, வெள்ளீயம், பிளாஸ்டிக் முதலியவற்றால் ஆக்கப்பட்டு, தொழிற்சாலைப் பெண்களும் கடைச் சிப்பந்திகளும் எழுதுவினைஞர்களும் அணிந்த நகைகளுக்கு அத்தகைய வரலாறு நெடுங்காலம் எழுதப்படவில்லை. 'போலி' என்னும் ஒரு சொல்லில் அவை அடக்கப்பட்டன. ஒரு பொருளைப் போலி என்று கூறியவுடன் அது எதனைப் போன்றது என்னும் வினாவே முன்னிற்கின்றது. அதனை ஆக்கியவர் யார், எங்கு, எம்முறையால், எக்காலத்தில் ஆக்கினர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புவன இப்பிந்திய வினாக்களே.

'கொஸ்ரியூம் யுவலறி' என ஆங்கிலத்தில் வழங்கும் இவ்வகை நகைகளுக்குத் தமிழில் பொருத்தமான பொதுப்பெயர் இல்லை. கவரிங், கில்ட் என்பன பூச்சினை மாத்திரம் குறிப்பன. கண்ணாடி மணிமாலையையோ பிளாஸ்டிக் வளையலையோ அவை குறிக்கமாட்டா. எனவே 'புனைநகை' என்னும் சொல்லை இங்கு கையாள்கின்றோம். புனைதல் என்பதற்கு அணிதல், கற்பித்தல் என்னும் இரு பொருளும் உண்டாதலின் அது பொருந்துமெனக் கருதுகின்றோம். எமது எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் ஐக்கிய அமெரிக்காவையும் சார்ந்தவை. இக்கைத்தொழில் பேரளவில் வளர்ந்த இடங்கள் அவையே.

ஒரு புனைநகையின் காலத்தை அதன் வடிவழகைக் கொண்டு துணிதல் பெரும்பாலும் பிழையான முடிபுக்கே இட்டுச் செல்லும். 1922இல் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டபின் எகிப்திய உருவங்கள் தாங்கிய நகைகள் சந்தையை நிறைத்தன. ஆயினும் அதே உருவங்கள் அதற்கு முன்னரும் பின்னரும் பலமுறை மீண்டு வந்துள்ளன. விக்ரோறியா காலத்துப் பாணியை 1940களின் உற்பத்தியாளர் தாராளமாகப் பின்பற்றினர். வாங்குபவரைக் கவரும்பொருட்டு முன்புறம் எதனையும் கூறும். எனவே நகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். பிணைச்சல், கொளுக்கி, பற்றாசு, வார்ப்பின் தழும்பு ஆகியவற்றை அழகுக்காக எவரும் அமைப்பதில்லை. அவை அவ்வக் காலத்தில் மலிவாகக் கிடைத்தவற்றாலும் அறியப்பட்டிருந்த முறையாலும் அமைந்தவை. இதிலிருந்து ஒரு விதி பெறப்படும்: எந்த நகையும் அதன் மூல உறுப்புகளுள் மிகப் பிந்தியதைவிடப் பழையதாக இருத்தல் இயலாது. மூல உறுப்பு எது, பின்னர் பழுதுபார்த்தபோது மாற்றப்பட்டது எது என்பதைப் பிரித்தறிவதே கடினமானது. பற்றாசின் நிறம் சூழவுள்ள உலோகத்தினின்றும் வேறுபடுதலும், பூச்சு அவ்விடத்தில் எரிந்திருத்தலும் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும்.

புறோச் எனப்படும் மார்பூசியை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் அதன் ஊசி, பூட்டு எதுவுமின்றி வளைந்த கம்பிக் கொளுக்கியொன்றினுள் செருகப்பட்டது. ஊசிமுனை நகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருப்பதும் உண்டு. சுழன்று மூடும் பாதுகாப்புப் பூட்டு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பரவலாயிற்று. காதணிகளில் திருகாணி முறை 1890களிலும், அழுத்திக் கவ்வும் கிளிப் முறை 1930களிலும் வழக்குக்கு வந்தன. இவையெல்லாம் கீழெல்லையை மட்டுமே தருவன. மலிவான நகைகளில் பழைய கொளுக்கி பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

உலோக உடலைப் பொறுத்தவரை அச்சழுத்தத்துக்கும் வார்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும். உருக்கு அச்சுக்கிடையில் மெல்லிய பித்தளைத் தகட்டை அழுத்தி ஆக்கிய நகையின் பின்புறத்தில், முன்புற உருவம் குழிவாகத் தலைகீழாகத் தெரியும். வார்த்த நகை கனமானது. விளிம்பில் இரு அச்சுகள் கூடிய கோடும், உலோகம் ஊற்றிய வாயை அராவிய தழும்பும் உருப்பெருக்கியில் புலப்படும். மேற்பூச்சில், 1840இல் பேர்மிங்காம் எல்கிங்டன் நிறுவனத்தார் ஆக்கவுரிமை பெற்ற மின்முலாம் முறை பெருந்திருப்பமாகும். அதற்கு முன்னர் இரசக்கலவை பூசித் தீயில் வாட்டிப் பொன்முலாம் இட்டனர். அத்தொழிலாளர் இரச ஆவியால் நோயுற்று மடிந்தனர். சாம்பல்வெண்மை கலந்த கடும் பளபளப்புடைய உறோடியப் பூச்சு 1930களுக்குரியது அல்லது அதற்குப் பிந்தியது.

மூலப்பொருளின் மாற்றம் உலக வரலாற்றுடன் எத்துணை நெருங்கியது என்பதற்கு இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்க நகைகளே சிறந்த சான்று. அந்நாட்டில் இக்கைத்தொழிலின் தலைமையிடம் றோட் ஐலன்ட் மாநிலத்தின் புறொவிடன்ஸ் நகரம். அங்கு வார்ப்புக்குப் பயன்பட்ட வெண்ணிறக் கலப்புலோகத்தின் முக்கிய கூறு வெள்ளீயம். அது குறைந்த வெப்பத்தில் உருகும். இறப்பர் அச்சிலேயே வார்க்கலாம். வெள்ளீயத்தின் பெரும்பகுதி தென்கிழக்காசியாவிலிருந்து, குறிப்பாக மலாயாவிலிருந்து சென்றது. 1941 டிசெம்பரில் யப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளீயம் போர்த் தேவைக்கென ஒதுக்கப்பட்டு, நகைத்தொழிலுக்கு மறுக்கப்பட்டது. உற்பத்தியாளர் வெள்ளியை நாடினர். இவ்வாறு, 'போலி' நகை செய்தோர் ஆயிரத்துக்குத் தொளாயிரத்து இருபத்தைந்து பங்கு தூய்மையுடைய ஸ்ரேளிங் வெள்ளியில் வார்த்து, அதன்மேல் பொன்முலாம் பூசி விற்கும் விந்தை நிகழ்ந்தது! மலிந்த உலோகத்தையே வழக்கமாகக் கையாண்ட நிறுவனமொன்றின் பெயரும் ஸ்ரேளிங் முத்திரையும் ஒருங்கே காணப்படும் பெரிய, கனத்த, பொன்முலாம் பூசிய மார்பூசி 1942க்கும் 1947க்கும் இடைப்பட்டதாதல் பெரிதும் சாத்தியம். எனினும் முத்திரை மட்டும் போதாது; வெள்ளி நகை எக்காலத்திலும் செய்யப்பட்டுள்ளது. வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்தோர் பெரும்பாலும் சீனர். அதே மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். அந்த நகைகளை நிறுவனப் பெயரால் வகைப்படுத்தும் கையேடுகள் இவ்வுழைப்பாளரைப்பற்றிப் பேசுவதில்லை என்பதை இடையே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

கருநிற நகைகளும் பிளாஸ்டிக் நகைகளும் ஆய்வாளரை அதிகம் மயக்குவன. 1861இல் அல்பேட் இளவரசர் இறந்தபின் இங்கிலாந்தில் துக்கநகை பெருவழக்காயிற்று. யோக்சயர்க் கரையிலுள்ள விற்பி நகரில் கிடைத்த, நிலக்கரியை ஒத்த 'ஜெற்' என்னும் கருங்கல் அதற்கு உயர்வாகக் கருதப்பட்டது. அது இலேசானது, கைக்குக் குளிர்வதில்லை, மெருகற்ற பீங்கானில் உரைத்தால் கபிலக் கோடிடும். அதன் பதிலியான கருங்கண்ணாடி கனமானது, குளிர்ந்தது. மற்றொரு பதிலி, கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பர். விரலால் தேய்த்தால் கந்தக வாடை எழும். வெயில்பட்டால் கபில நிறமாக மங்கும். இதனைச் சந்தையில் 'கட்டாபேர்ச்சா' எனக் கூறுவது வழக்கம். கட்டாபேர்ச்சா என்பது 1840களில் மலாயாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அறிமுகமான வேறொரு மரப்பால். அதனாலான நகைகள் மிக அரிதாகவே எஞ்சியுள்ளன.

செலுலொயிட்டு 1870இல் அமெரிக்காவில் ஹயற் சகோதரர் ஆக்கவுரிமை பெற்றது. நைத்திரோசெலுலோசுடன் கற்பூரம் சேர்த்து ஆக்கப்படுவதால், வெந்நீரில் சிறிது தோய்த்தால் கற்பூரம் மணக்கும். பாற்புரதத்தைப் போமல்டிகைட்டால் கடினமாக்கிய கலலித் 1890களின் இறுதியில் ஜேர்மனியில் தோன்றியது. ஈரமானால் பாலின் தீய்ந்த வாடையை ஒத்த மணம் அதில் எழுவதுண்டு. பேக்கலைட்டு, பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907இல் பினோலையும் போமல்டிகைட்டையும் கொண்டு ஆக்கியது. அதன் முதன்மை ஆக்கவுரிமை 1927இல் காலாவதியாயிற்று. நகைகளில் காணும் ஒளிர்நிறப் பினோலிக்குப் பிசின் பெரும்பாலும் அதன் பின்னரே வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில், பொன் வாங்க இயலாதோரிடையே அது பெருவரவேற்புப் பெற்றது. அதனைக் கோலாகவும் குழாயாகவும் வார்த்து, அறுத்து, பின்னர் கடைந்தும் செதுக்கியும் வளையல் ஆக்கினர். ஆதலின் வளையலில் அச்சுக்கோடு இராது. செதுக்கலின் ஆழத்தில் கருவியின் தடம் தெரியும். அதன் நிறத்தை நம்புதலும் ஆபத்தானது. மேற்பரப்பு காலப்போக்கில் மஞ்சளிப்பதால், இன்று மஞ்சளாகத் தோன்றுவது தொடக்கத்தில் வெண்மையாகவும், பச்சையாகத் தோன்றுவது நீலமாகவும் இருந்திருக்கலாம். பளிங்குபோன்ற அக்கிரிலிக்கு 1937 அளவில் 'லூசைற்' என்னும் பெயருடன் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும்படி சிலர் கூறுவர். இது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டியது. செலுலொயிட்டு சடுதியில் தீப்பற்றும். எந்தப் பொருளிலும் வடு நிலைத்துவிடும்.

கண்ணாடிக் கற்களின் வரலாறு பாரிசில் 18ஆம் நூற்றாண்டில் ஈயக் கண்ணாடியால் வைரத்தை நிகர்த்த கற்களை ஆக்கிய ஸ்திராஸ் என்னும் நகைவினைஞரின் பெயருடன் இணைந்தது. ஆயினும் அதன் பேரளவு உற்பத்தி பொகீமியாவின் கப்லொன்ஸ் நகரையும், அதைச் சூழ்ந்த மலைக்கிராமங்களின் வீட்டுத் தொழிலாளரையுமே சார்ந்திருந்தது. அங்கிருந்து சென்ற கண்ணாடி வளையல்களுக்கு இந்தியாவே பெருஞ்சந்தையாயிருந்தது. இப்பகுதியிற் பிறந்த டானியல் சுவறொவ்ஸ்கி 1892இல் கல்வெட்டும் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்று, 1895இல் ஒஸ்திரியாவின் வாற்றன்ஸ் ஊருக்குப் பெயர்ந்தார். நீர்வலு ஒரு காரணம். பொறியின் இரகசியத்தைப் போட்டியாளரிடமிருந்து காத்தல் மற்றொரு காரணம். பொறியால் வெட்டிய கற்களின் முகங்கள் ஒரே அளவின, விளிம்புகள் கூரியன. அச்சில் அழுத்திய கல்லில் விளிம்பு சற்று மழுங்கியிருக்கும். வானவில்போல் பலநிறம் காட்டும் உலோக ஆவிப்பூச்சுடைய கல் 1950களின் நடுப்பகுதிக்கு முற்பட்டதன்று. ஒரு நகையில் அது மூலக் கல்லாக இருப்பின், 1930கள் என்று விற்பனையாளர் கூறும் கதை அங்கேயே முடிந்துவிடும்.

போர் முடிந்தபின் கப்லொன்ஸின் ஜேர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் பவேரியாவில் கௌபொய்றனுக்கு அருகே, பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தில் குடியேறி, புதிய கப்லொன்ஸ் என்று பெயரிட்டு அதே தொழிலைத் தொடர்ந்தனர். பழைய நகரிலும் தொழில் அரசுடைமையாகத் தொடர்ந்தது. இவ்வாறு ஒரே கைத்திறன் இரு நாடுகளின் பெயரைத் தாங்கலாயிற்று. 'செக்கோசிலோவாக்கியா' என்ற முத்திரை 1918க்கு முற்பட்டிருத்தல் இயலாது. 'மேற்கு ஜேர்மனி' என்பது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்' என்பது 1952உடன் முடிந்தது. நாட்டுப் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தை வலுப்படுத்தியது, இறக்குமதிப் பொருள்களில் அதனைக் கட்டாயமாக்கிய 1890ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்வைச் சட்டம்.

எண்களைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். இரு கிளிப்புகள் ஒரே சட்டத்தில் பொருந்தி மார்பூசியாகும் கோறோ நிறுவனத்தின் 'டூவெற்' நகைகளில் 1798867 என்ற ஆக்கவுரிமை எண் காணப்படும். அது 1931க்குரியது. ஆயின் அந்த எண் பொறிமுறைக்கே உரியது, முன்புற உருவத்துக்கன்று. 1940களில் செய்யப்பட்டவற்றிலும் அதே எண் உண்டு. எண்ணைக் கண்டவுடன் 1931 என்று எழுதிவிடுதல் பட்டியல்களில் நாம் அடிக்கடி காணும் தவறு. பதிப்புரிமைக் குறி இதனினும் பயனுடையது. 1955இல் திரிபாறி நிறுவனம் நியூயோர்க்கில் தொடுத்த வழக்கொன்றில், புனைநகையும் பதிப்புரிமைக்குரிய கலைப்படைப்பாகலாம் எனத் தீர்க்கப்பட்டது; அதன் பின்னரே வட்டத்துள் எழுத்திட்ட குறி நகைகளில் பரவியது. வணிகப் போட்டியின் பொருட்டு நீதிமன்றம் கலை என்று ஏற்றுக்கொண்டதைப் பல நூதனசாலைகள் ஏற்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

நிறுவனப் பெயர் பொறித்த நகையிலும் அதன் தொழில் முழுவதும் நிறுவனத்துள் நிகழ்ந்ததாகக் கொள்ளலாகாது. புறொவிடன்ஸ் பகுதியில் கல் பதித்தல், சங்கிலி கோத்தல், அட்டையில் பொருத்துதல் ஆகியன புலம்பெயர்ந்த குடும்பங்களின் சமையலறை மேசைகளுக்கு அனுப்பப்பட்டன; துண்டுக் கணக்கில் கூலி வழங்கப்பட்டது; சிறுவரும் உழைத்தனர். 1940களில் ஐக்கிய அமெரிக்க அரசு நகைத்தொழிலில் வீட்டு வேலையைக் கட்டுப்படுத்த நேர்ந்தமை அதன் அளவை உணர்த்தும். ஒரே மாலையில் கற்கள் சில நேராகவும் சில சரிந்தும், பசை சில குழிகளில் வழிந்தும் இருப்பின், அதனைத் தரக்குறைவு என்று ஒதுக்காது பதிவு செய்தல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் அங்கு உழைத்திருக்கக்கூடும்.

ஆய்வுக்கு வரும் நகையைத் துலக்குதல் கூடாது. செம்புக் கலப்பில் படரும் பச்சைக் களிம்பு பரவாதவாறு உலர்வான இடத்தில் வைத்தலே முதலிற் செய்யத்தக்கது. நீரில் அமிழ்த்தின் கல்லின் பின்னுள்ள உலோகத் தாள் கறுத்துவிடும். ஆதலால் மேற்கூறிய வெந்நீர்ச் சோதனையும் கல் பதித்த நகைகளுக்கு ஒவ்வாது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறைக்கு வசதியுள்ள இடத்தில், நகையைச் சிதைக்காமலே வெள்ளீயம், ஈயம், வெள்ளி ஆகியவற்றின் விகிதத்தை அறியலாம். அவ்வசதியில்லாதோர் உருப்பெருக்கியும் தராசும் கொண்டு தொடங்கலாம். நகையுடன் வந்த அட்டை, பெட்டி, விலைச்சீட்டு ஆகியவற்றை எக்காரணங்கொண்டும் பிரித்து எறிதலாகாது. நகை எங்கு, என்ன விலைக்கு, எத்தகைய கடையில் விற்கப்பட்டது என்பதை உலோகம் கூறாது. அந்தக் கடதாசித் துண்டு கூறும்.