படைவீரர் இல்லமும் குடும்பச் சட்டமும்

எல்லையில் நிற்கும் வீரனைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அவன் இல்லத்தில் பிணக்கு நேர்ந்து வழக்கு எழும்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நான் வேலூர் மாவட்டத்துக்காரன். கம்மவான்பேட்டை போலப் பட்டாளத்துக்குப் பெயர் பெற்ற ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு. அங்கெல்லாம் இரண்டு பேச்சுகள் என் காதில் விழுந்ததுண்டு. "பட்டாளத்தான் சம்பளத்தை எந்தக் கோர்ட்டும் தொட முடியாது" என்பது ஒன்று. "அவன் லீவில் வருவதற்குள் கேஸை முடித்துவிடலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் அரைகுறை உண்மைகள். மனைவியின் வாயை அடைக்க முதலாவதும், கணவனை வீழ்த்த இரண்டாவதும் பயன்படுகின்றன. உண்மை யாதெனக் காண்போம்.

மணவிலக்கு அளிப்பவர் யார்?

படைவீரர்க்கெனத் தனி மணவிலக்குச் சட்டம் ஏதும் நம் நாட்டில் இல்லை. இந்துவாயின் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். கிறித்தவராயின் 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம். மற்றவர்க்கும் அவரவர்க்குரிய சட்டமே. கமாண்டிங் ஆபீசர் இருவரையும் அழைத்துச் சமரசம் பேசலாம். மணவிலக்கு அளிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு.

கணவன் அஸ்ஸாமில் இருந்தால் மனைவி அங்கே போய்த்தான் வழக்குத் தொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இந்து மனைவி தான் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம்.

இரண்டாண்டு கைவிட்டிருத்தல் மணவிலக்குக்கு ஒரு காரணம். ஆனால் பிரிந்திருத்தல் வேறு, கைவிடுதல் வேறு. இல்லறத்தை முறித்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தால்தான் அது கைவிடுதல் ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 1956-இல் பிபின் சந்திரா வழக்கில் தெளிவாக்கியது. எனவே குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாத இடத்தில் கடமையாற்றுவது மட்டுமே கைவிடுதல் ஆகிவிடாது.

சம்பளமும் ஜீவனாம்சமும்

1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, சிவில் நீதிமன்றக் கட்டளையால் படைவீரரின் சம்பளத்தை ஜப்தி செய்யலாகாது என்கிறது. "தொட முடியாது" என்ற பேச்சு இதிலிருந்து பிறந்ததே. ஆனால் அதே சட்டத்தின் 90, 91-ஆம் பிரிவுகளைப் படிப்பவர் அரிது. மனைவி மக்களின் பராமரிப்புக்காக அதிகாரிகள், சிப்பாய்கள் ஆகிய இருவகையினரின் சம்பளத்திலும் பிடித்தம் செய்ய அவை இடந்தருகின்றன.

மனைவி விண்ணப்பம் அனுப்பினால், கணவனிடம் விளக்கம் கேட்ட பின், உரிய மேலதிகாரி ஆணை பிறப்பிக்கலாம். 2001-ஆம் ஆண்டு இராணுவ ஆணையின்படி மனைவிக்கு 22 விழுக்காடு, குழந்தை ஒன்றுக்கு 5.5 விழுக்காடு, மொத்தம் 33 விழுக்காடு என்பது இவ்வழியின் உச்சவரம்பு. குற்றவியல் நீதிமன்ற வழியும் திறந்தே உள்ளது. பழைய 125-ஆம் பிரிவின் இடத்தை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு பெற்றுள்ளது.

மற்றொன்றும் மனத்திற் கொள்ளத்தக்கது. மணவிலக்குப் பெற்ற மனைவிக்குக் குடும்ப ஓய்வூதிய உரிமை இல்லை. ஆதலின் கையொப்பம் இடுமுன், தன் எதிர்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று அவள் கேட்டறிதல் வேண்டும்.

வீரனுக்கு உள்ள காப்பு

அவன் இல்லாத நேரம் பார்த்து வழக்கை முடிப்பதும் எளிதன்று. வழக்குக்காக விடுமுறை பெற்றதற்கோ கேட்டதற்கோ இராணுவச் சான்றிதழைக் காட்டி வேண்டினால், அந்த விடுமுறைக்குள் வழக்கை இயன்றவரை விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது இராணுவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. போர்ச் சூழலிலோ வெளிநாட்டிலோ பணிபுரிபவனுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய சிப்பாய்கள் வழக்காடல் சட்டம் துணை நிற்கிறது. சிவில் வழக்கை நிறுத்தி வைக்கவும், அவனில்லாமல் பிறந்த ஒருதலைத் தீர்ப்பை நீக்கவும் அதில் வழியுண்டு.

ஆக, சட்டம் இருவரையும் ஒரு கண்ணாலேயே பார்க்கிறது எனலாம். தொலைவில் இருப்பது வீரனின் குற்றமன்று. அதனால் அவன் வாதம் கேட்கப்படாமல் போகக்கூடாது. அதே தொலைவு, பெற்ற பிள்ளையின் பசியிலிருந்து அவன் ஒளிந்துகொள்ளும் திரையுமன்று.

இவ்வளவும் ஏட்டில் இருந்து என்ன பயன்? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடினால் போதும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வழிகாட்டும். ஆனால் அந்த விண்ணப்பத்தை எழுதத் தெரியாமல் கலங்கி நிற்கும் தாய்மாரும் தமக்கையரும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கல்லூரியில் பயிலும் நாம் அவர்களுக்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாமே! நாட்டைக் காப்பவன் வீட்டுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அது.