செடி இலை சுருளுதா? மருந்து வாங்கும் முன் காலை 6 மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்க!

கத்திரி வெயில் நேரத்தில் பகல் 2 மணிக்கு மொட்டை மாடிக்குப் போயிருக்கிறீர்களா? இரும்புலியூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் செருப்பு இல்லாமல் நாலு அடி வைக்க முடியாது. அந்தத் தரையில்தான் என் பத்து க்ரோ பேக்குகளும் உட்கார்ந்திருக்கின்றன. போன மே மாதம் ஒருநாள் போய்ப் பார்த்தால், தக்காளி, மிளகாய் இரண்டிலும் இலைகள் சுருண்டு கிடந்தன.

"தண்ணி பத்தல தம்பி, ரெண்டு வேளையும் ஊத்து" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. உரக்கடையில் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "இதை அடிங்க சார், ஒரே வாரம்தான்" என்றார்கள். இரண்டையும் செய்தேன். தக்காளி தேறியது. மிளகாய் மொத்தமும் போச்சு.

காரணம் பிறகுதான் புரிந்தது. இரண்டு செடியிலும் இலை சுருண்டது உண்மை. ஆனால் இரண்டுக்கும் வந்தது ஒரே பிரச்சினை இல்லை.

வெயிலா, பூச்சியா?

இலையின் நுண்ணிய துளைகள் வழியாகச் செடி தண்ணீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடும் வெயிலில் வெளியேறும் வேகத்துக்கு வேரால் தண்ணீர் இழுத்துக் கொடுக்க முடியாது. அப்போது செடி இலையைச் சுருட்டிக்கொள்கிறது. வெயில் படும் பரப்பு குறையும், தண்ணீர் மிச்சமாகும். இது நோயே இல்லை, நாம் குடை பிடிப்பது மாதிரி.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத ஒரு டெஸ்ட் இருக்கிறது. மதியம் பார்த்து முடிவு பண்ணாமல், மறுநாள் காலை 6 மணிக்குப் போய்ப் பாருங்கள். இலை நிமிர்ந்திருந்தால் வெயில்தான் காரணம். அப்போதும் சுருண்டே இருந்தால் வேறு ஏதோ இருக்கிறது. தக்காளிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அதன் அடி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, கொஞ்சம் தடித்து, நாள்கணக்கில் அப்படியே நிற்கும். நிறம் பச்சையாக இருந்து, உச்சியில் புதுத்தளிர் நன்றாக வந்தால் கவலைப்பட வேண்டாம். என் தக்காளி இந்த ரகம். பாட்டில் மருந்து இல்லாமலே தேறியிருக்கும்.

தாம்பரம் பக்கம் இந்தப் பிரச்சினை கொஞ்சம் கூடுதல்தான். மதியத்துக்கு மேல் வீசும் கடல்காற்று திருவான்மியூரைத் தொட்டுவிட்டு, உள்ளே தள்ளி இருக்கும் நம்மிடம் தாமதமாகத்தான் வந்து சேரும். பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் இரவிலும் கக்கிக்கொண்டிருக்கும். பையை நேராகத் தரையில் வைக்காமல் நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தாலே வேருக்குச் சூடு குறையும். பச்சை ஷேட் நெட், மண்மேல் காய்ந்த இலை மூடாக்கு இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் ஊற்றியும் காயுதே?

இதில் பலரும் ஏமாறுகிறோம். நம் பைகளில் பாதி தேங்காய் நார்க்கழிவு. அது ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும். நாம் 'நிறைஞ்சிடுச்சு' என்று நினைப்போம், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள்.

விரலில் ஈரம் பிசுபிசுக்கிறது, இலையும் தொங்குகிறது என்றால் கதை தலைகீழ். வேருக்குக் காற்று இல்லை. தண்ணீரை நிறுத்த வேண்டும். இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகி, பைமேல் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் போர் தண்ணீரின் உப்பைச் சந்தேகப்படலாம்.

மிளகாய்க்கு வந்தது என்ன?

செடி போன பிறகு, போனில் எடுத்த போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். இலைகள் கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி வளைந்திருந்தன. இலைக்காம்பு வழக்கத்தைவிட நீளம். இது மஞ்சள் சிலந்தியின் கைவரிசை. கண்ணுக்கே தெரியாத சைஸ், மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

மாறாக இலை ஓரங்கள் மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். நூல் துணுக்கு மாதிரி ஏதாவது ஓடினால் அதுதான். சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2015-ல் பெங்களூருவில் பப்பாளியில் முதலில் தெரிந்த ஒரு புதுவகை இலைப்பேன், 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களைப் பதம் பார்த்தது.

மேலே மடிந்தால் பேன், கீழே மடிந்தால் சிலந்தி. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? சிலந்தி பூச்சி இனமே கிடையாது, அதற்கு எட்டுக் கால். பூச்சிக்கென்று செய்த பல மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் அதில் சாகும். நான் வாங்கிய பாட்டில் வேலை செய்யாததில் ஆச்சரியமே இல்லை. அந்த மிளகாயைச் சாப்பிடப்போவதும் நாம்தான் என்பது அப்போது தோன்றவே இல்லை!

மூன்றாவது ஆள் வெள்ளை ஈ. இலையைத் தட்டினால் மாவு மாதிரி பறக்கும். சாறு உறிஞ்சுவதோடு இலைச்சுருள் வைரஸையும் இதுதான் பரப்புகிறது. புது இலைகள் சிறுத்து, மஞ்சளாகி, நரம்பு தடித்து, செடி கொத்துக்கொத்தாகக் குட்டையாக நின்றால் அது வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. பிடுங்கி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மனசு வராதுதான், ஆனால் விட்டால் பக்கத்துச் செடிக்கும் போகும். மண்ணைக் கொட்ட வேண்டியதில்லை, இந்த வைரஸ் மண்ணில் தங்காது.

எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோலம் போட்டது மாதிரி வளைந்த கோடு இருந்தால் இலைத்துளைப்பான். செம்பருத்தித் தளிர் சுருங்கி, தண்டில் எறும்பு வரிசை போனால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும்.

அடிப்பதானால் எப்போது?

ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், பூச்சிகள் இருப்பது அங்கேதான். வெயில் தாழ்ந்த பிறகு மட்டுமே அடியுங்கள். பகலில் அடித்தால் இலை கருகும். சிலந்திக்குக் கந்தகம் சொல்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் நம்ம ஊர் மே மாதச் சூட்டில் அதுவே இலையைச் சுட்டுவிடும். வாடிய செடிக்கு 'தெம்பு வரட்டும்' என்று யூரியா போடாதீர்கள். தளதளவென்று வரும் தளிர்தான் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து.

இன்னும் குழப்பமா? ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு நோக்கிப் போனால், பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போனிலேயே கேட்க, கிசான் கால் சென்டரின் இலவச எண் 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம். கூப்பிடும் முன் முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் என மூன்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று கேட்டால், பார்த்துச் சொல்ல வசதியாக இருக்கும்.