இரத்தினபுரியைத் தேடினால் கிடைக்காதது ஏன்?

இறக்குவானையிலோ யட்டியாந்தோட்டையிலோ உள்ள தோட்டப் பாடசாலை மாணவன் ஒருவன் தனது ஊரின் வரலாற்றைத் தமிழில் தேட முற்பட்டால், இணையத்தில் அவனுக்குக் கைகொடுக்கக்கூடிய தளங்கள் மிகச் சிலவே. 2003 ஆம் ஆண்டு ஆரம்பமான தமிழ் விக்கிப்பீடியா அவற்றுள் ஒன்று. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் மின்வடிவில் பேணிவரும் நூலகம் தளம் மற்றொன்று. இவ்விரண்டும் மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளில் இயங்குபவை. எனவே அம்மென்பொருள் தமிழைக் கையாள்வதில் உள்ள வழு, தோட்டப்புறத் தமிழரையும் மாவனல்லை, பலாங்கொடை முஸ்லிம்களையும் ஒருங்கே பாதிக்கின்றது. விலைக்கு வாங்கிய பொருள் பழுதானால் விற்றவரைக் கேட்கலாம். இங்கு விற்றவர் என்று எவருமில்லை. தமிழெழுத்தில் நேரும் வழுவைத் தமிழ் வாசிப்போரே கண்டு கூறவேண்டும்.

ஆயினும் கண்ணிற்படும் தவறெல்லாம் மென்பொருளின் வழுவன்று. 'இரத்தினபுரி' என்பதன் ஈற்றெழுத்தில் ரகரத்துக்குப் பதிலாகக் கால் குறியை இட்டு, அதன்மேல் இகரக் குறியைச் சேர்த்துத் தட்டச்சு செய்வோர் பலர். பாமினி எழுத்துரு பழக்கிவிட்ட வழக்கம் இது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை இரு வேறு சொற்கள். தேடுபவனுக்குக் கட்டுரை அகப்படாமைக்கு இது ஒரு காரணம். இதனைத் தொகுப்பவரே திருத்தலாம். மாவனல்லை, மாவனெல்லை என்ற இரு வழக்குகளுக்கும் வேண்டியது ஒரு வழிமாற்றுப் பக்கம் மட்டுமே. மறுபுறம், 'பலாங்கொடை'யின் கொகரத்தை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். மீடியாவிக்கி சேமிக்கும்போதே அவற்றை ஒன்றாக்கி விடுகின்றது.

உண்மையான மென்பொருட் சிக்கலுக்கு அகரவரிசை நல்ல உதாரணம். யூனிகோடு அட்டவணையில் றகரம் லகரத்துக்கு முன் நிற்கின்றது. அவ்வெண் வரிசைப்படி அடுக்கினால் இரத்தினபுரி, இறக்குவானை, இலங்கை என வரும். தமிழ் அகராதி முறைப்படி இலங்கைக்குப் பின்னரே இறக்குவானை வரவேண்டும். தமிழ் வரிசைக்கான ஏற்பாடு மீடியாவிக்கியில் உண்டு. ஆனால் அதனை ஒவ்வொரு தளமும் தெரிவுசெய்து கொள்ளவேண்டும்.

இத்தகைய வழுவை அறிவிக்கும்போது "தமிழ் சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதுவதால் எவருக்கும் பயனில்லை. எந்தப் பக்கத்தில், எதனைச் செய்தபோது, எது வந்தது, எது வந்திருக்கவேண்டும் என்பன தெளிவாக இருத்தல் அவசியம். பயன்படுத்திய உலாவியின் பெயரும் பதிப்பும், திரைப்படப்பிடிப்பும் உதவும். தமிழ் தெரியாத நிரலாளர் ஒருவர் அதே படிகளைச் செய்து அதே தவறைக் காணக்கூடியதாக இருக்கவேண்டும். அறிக்கையின் பெறுமதி அதிலேயே தங்கியுள்ளது. ஓர் அறிக்கையில் ஒரு வழுவே இடம்பெறவேண்டும். பாதுகாப்புக் குறைபாடாயின் பகிரங்கமாக எழுதாது இரகசியமாகவே அறிவிக்கவேண்டும்.

விக்கிமீடியா இவ்வறிக்கைகளை 2004 முதல் பக்சில்லாவிலும், 2014 இன் இறுதியிலிருந்து பேப்ரிகேட்டரிலும் ஏற்று வருகின்றது. கணக்குத் திறக்கக் கட்டணமில்லை. ஆங்கிலத்தில் எழுதுவதே அங்குள்ள வழமை என்பது நம்மவர் பலருக்குத் தடையாகவே உள்ளது. விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடியில் தமிழில் எழுதினால், ஆங்கிலம் அறிந்த பயனர் எவரேனும் அதனை அங்கு கொண்டுசேர்க்க முடியும்.

அறிக்கை வந்ததும் அது முன்னரே பதிவானதா எனப் பார்ப்பர், முன்னுரிமை குறிப்பர். ஒருவர் எழுதும் திருத்தத்தை இன்னொருவர் பரிசோதித்த பின்னரே அது மூலநிரலிற் சேரும். முன்வந்து செய்பவர் கிடைக்காவிடின் ஆண்டுக்கணக்கிற் கிடப்பதும் உண்டு. சேர்ந்த திருத்தம் விக்கிப்பீடியாவை வழமையாக வாரமொருமுறை வரும் புதிய பதிப்புடன் எட்டுகின்றது. தனித்தியங்கும் விக்கித் தளங்களிலோ நிர்வாகிகள் பதிப்பை மேம்படுத்தும் வரை பழைய வழு அப்படியே இருக்கும். ஆகவே அத்தகைய தளமொன்றில் வழுவைக் காண்பவர், பதிப்பு விபரம் காட்டும் சிறப்புப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, முதலில் அத்தளத்தின் நிர்வாகிக்கே எழுதவேண்டும்.